வருகுது, ஆனால் காணாது

அவர் என் கடைக்குள் நுழைந்தால் முதலில் என்னைப் பார்க்கமாட்டார், அடுப்பைத்தான் பார்ப்பார். கொதிக்கிற கேற்றிலுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடப்போகிற தகப்பனைப் போல நிற்பார். பிறகு ஒரு பெருமூச்சு விடுவார்.

"எவ்வளவு வீணாப் போகுது, தம்பி."

"தண்ணி கொதிக்குதுதானே ஐயா. வேறை என்ன செய்யோணும் அது?"

"கேற்றில் குடிக்கிறது கால்வாசி. முக்கால்வாசி உன்ரை கூரைக்குப் போகுது. கூரை தேத்தண்ணி குடிக்குமோ?"

தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவனுக்குக் கூரையைப் பற்றி யோசிக்க ஏது நேரம்.

றோட்டுப் போடுகிற அரசாங்கக் கந்தோரில் வேலையை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து இளைப்பாறியவர் அவர். ஊரில் எல்லாருக்கும் ஓவசியர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாராவது சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒருமுறை திரும்பி, பின்னால் யார் நிற்கிறார் என்று பார்ப்பார். இந்தச் சூட்டுப் பைத்தியம், இந்த விசர் எங்கே பிடித்தது என்று கேட்டால் தார்ப் பீப்பாவைச் சொல்லுவார்.

"என்ரை உத்தியோக காலம் முழுக்க வெட்டவெளியிலை தார் காய்ச்சினனான். அந்தச் சூட்டிலை ஒரு ஊருக்கு விளக்கெரிச்சிருக்கலாம். நாங்கள் அதிலை காகம்தான் கலைச்சம்."

விளக்கைப் பற்றிப் பேச அவருக்கு நியாயம் இருந்தது. அச்சுவேலிக்குப் போகிற பெரிய றோட்டால் வந்த கறண்ட் கம்பங்கள் என் கடைச் சந்தியில் ஒரு கணமும் நிற்காமல் நேரே போய்விட்டன. ஊருக்குள் பிரிகிற ஒடுங்கிய தெருவான ஒழுங்கைக்குள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சந்தியில் இருந்த என் கடைக்குத் தருவார்களா என்று கேட்டேன். தென்னோலைக் கிடுகுக் கூரைக்குத் தரமாட்டோம் என்றார்கள். ஊர் முழுக்க அந்த ஒழுங்கைக்குள்தான் இருந்தது. புகையிலைத் தோட்டங்கள், வெங்காயம், வீடுகள், எல்லாம் முடிந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளைப்பேற்று விடுதி. அங்கே இருந்த மருத்துவிச்சியை நாங்கள் நேர்ஸம்மா என்போம்.

இராப் பிரசவம் என்றால் பிள்ளையைப் பிடிக்க ஒரு ஆள், லாம்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். விடுதியில் இருந்தது நேர்ஸம்மா ஒருவர்தான். அதனால் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கிற தகப்பனிடம் அரிக்கன் லாம்பைக் கொடுத்து, "கண்ணை மூடிக்கொண்டு உள்ளை நீட்டிப் பிடியும்" என்பார். கண்ணை மூடினவன் லாம்பை எங்கே பிடிப்பான்? சுவரில் இருக்கிற முருகனுக்கு நல்ல வெளிச்சம் விழும். நேர்ஸம்மா இருட்டில் வேலை செய்வார். எங்கள் கிராம முன்னேற்றச் சங்கம் வருசா வருசம் கம்பம் கேட்டுக் கறண்டுக் கந்தோருக்குப் போகும். வரிசையில் இருக்கிறீர்கள் என்று கந்தோர் சொல்லும். வரிசை எங்கே தொடங்குகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஓவசியர் வரிசையில் நிற்கிற ஆளில்லை. அவரிடம் பெட்டி இருந்தது.

பெட்டி என்றால் பெரிய பிஸ்கற் ரின். அதற்குள் இரும்புக் கம்பியும், உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் பலாலி விமானத்தளத்தில் போட்டுவிட்டுப் போன சாமான்களுக்குள்ளிருந்து உருவின வெள்ளிநிறக் கம்பியும் தலைப்பின்னல் மாதிரி மாறி மாறி முறுக்கிக் கிடக்கும். ஒரு பக்கத்து முறுக்குகள் எல்லாம் கீழே நெருப்பைப் பார்த்தபடி. மற்றப் பக்கத்து முறுக்குகள் மேலே, ஒரு ஈரச் சாக்குக்கு அடியில். பக்கவாட்டில் ஒரு முள்ளு மீற்றர், அதுவும் பலாலிச் சரக்கு. தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டினால் நெருப்பு எரிகிற எந்த இடத்திலும் போய் இறங்கலாம். அதுதான் அவருடைய பெருமை.

"கம்பத்துக்கும் கம்பிக்கும் நான் ஏன் காத்திருக்கோணும்? அடுப்பு எரியிற இடமெல்லாம் என்ரை பவர் ஸ்ரேசன்" என்பார். "விசயம் சின்னன், தம்பி. ஒரு பக்கம் கொதிக்கோணும், மற்றப் பக்கம் குளிரோணும். ரெண்டுக்கும் இடையிலை உள்ள வித்தியாசத்திலைதான் கறண்ட் ஓடும்."

இதில் முதற் பாதியைத்தான் ஊர் கேட்டது. இரண்டாம் பாதிக்கு அவர் வாயெடுக்கும்போது, கேட்டுக்கொண்டு நின்றவர் சைக்கிளில் ஏறியிருப்பார். ஆகவே அதற்குச் சூட்டுப் பெட்டி என்ற பேரே நிலைத்துவிட்டது.

பெட்டியை என் அடுப்பில் ஏற்றினால் முள் அசையும். அதை நான் மறுக்கமாட்டேன். எறும்பு கடித்த கால் மாதிரி ஒரு துடிப்புத் துடித்து, கொஞ்சம் ஏறி, களைத்துப்போய் நின்றுவிடும். ரோச் லைற்றுப் பல்பைக் கொழுவினால் பல்ப் பாட்டுக்குக் கிடக்கும். ஓவசியர் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொல்லுவார்:

"வருகுது. வருகுது, ஆனா காணாது."

எங்கள் பக்கத்தில் காணாது என்றால் போதாது என்று அர்த்தம். சோறு காணாது, சம்பளம் காணாது என்போம். இது தெரியாமல் வந்து மாட்டினவர் ஒரு பிரசங்கியார். கோயில் திருவிழாவுக்கு இந்தியாவிலிருந்து அழைப்பித்திருந்தார்கள். பின்னேரம் என் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் பெட்டியைக் கண்டார்.

"இது என்னங்க ஐயா?"

"சூட்டிலை இருந்து கறண்ட் எடுக்கிறன்."

"வருதுங்களா?"

"வருகுது, ஆனா காணாது."

பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா. இருக்கு, ஆனா காணாது. எவ்வளவு பெரிய வார்த்தை" என்று சொல்லிக்கொண்டே எழும்பிப் போனார். அன்றைய பிரசங்கம் முழுக்க இதுதான். இறைவன் மின்சாரம் போன்றவன், உங்கள் ஊர்ச் சந்தியிலே ஒரு ஞானியைக் கண்டேன், இருக்கிறது ஆனால் காணாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று குரல் தழுதழுத்தார். சனம் கழுத்தைத் திருப்பி ஞானியைத் தேடியது. ஞானி மடைப்பள்ளி வாசலில், பொங்கல் அடுப்புக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் இந்த ஞானம் எடுபடவில்லை. அவருடைய மனைவிதான் பெட்டிக்கு உதவி இஞ்சினியர். சாக்கு காயாமல் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது அந்த மாமியின் உத்தியோகம். ஊற்றுகிற ஒவ்வொரு செம்புக்கும் ஒரு பேச்சு விழும்.

"சூட்டிலை கறண்ட் எடுக்கிறாராம். சூடு சுரணை உள்ள மனிசன் எண்டால், சனம் சிரிக்கிற சிரிப்புக்கு உந்தப் பெட்டியைத் தூக்கி எப்பவோ கிணத்துக்கை போட்டிருக்கும்."

ஓவசியர் அதையும் ஒரு விஞ்ஞானக் கேள்வியாகவே எடுப்பார். "கிணத்துக்கை போட்டால் ரெண்டு பக்கமும் குளிர்ந்திடும், இஞ்சை பாரும். வித்தியாசம் இல்லாமல் போயிடும். வேலை செய்யாது."

"இப்ப மட்டும் வேலை செய்யுதாக்கும்" என்று மாமி அடுத்த செம்பை ஊற்றுவார். திட்டித் திட்டி ஊற்றினாலும் சாக்கைக் காயவிட்டதை நான் கண்டதில்லை.

ஒருமுறை வாசிகசாலையில் விளக்கக் கூட்டம் வைத்தார். 'சூட்டிலிருந்து மின்சாரம்' என்று தடித்த எழுத்தில் எழுதி, அச்சுவேலிச் சந்தையில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருந்தார். எங்கள் ஊரில் இருந்து நானும், உட்காருகிற கதிரைகளை அடுக்குகிறவரும் போனோம். தென்மராட்சியில் இருந்து நெல் விதைக்கிற மூன்று கமக்காரர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஒருவர் மடியில் துவாயால் சுற்றின ஒரு சாமான். ஓவசியர் அகமகிழ்ந்துபோய்த் தொண்டை வறளப் பேசினார். பேச்சு முடியத் துவாய்க்காரர் எழும்பி, சுற்றினதை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி நெற்கதிர்.

"எங்கடை சூடு ரெண்டு கிடக்கு ஐயா. மொட்டைக்கறுப்பன் நெல்லு. உதுக்குச் சரிவருமோ?"

விளங்கிவிட்டது எனக்கு. அறுத்த கதிரை வயலில் அடுக்கி வைக்கிற குவியலுக்கும் சூடு என்றுதான் பேர். நாட்டில் உள்ளவன் எல்லாம் சூடு மிதித்து நெல் எடுக்க, ஒருவர் சூட்டிலிருந்து கறண்ட் எடுக்கிறார் என்று நம்பி வந்திருக்கிறார்கள். ஓவசியருக்கு அது ஏறவில்லை. வேறு நினைப்பில், நெற்கதிரைப் பார்க்காமலே மறுமொழி சொன்னார்.

"எந்தச் சூடெண்டாலும் சரிவரும். நல்லாக் கொதிக்கோணும்."

"அவிக்கிறதோ?"

"கொதிக்க வைச்சுப்போட்டு மற்றப் பக்கத்தாலை குளிரப்பண்ணோணும். சூட்சுமம் அதிலைதான் இருக்கு."

கமக்காரர் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படியிறங்கிப் போகையில் துவாய்க்காரர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அவிச்சு ஆறவிடச் சொல்லுறார். உது புழுங்கலரிசி அல்லோ. உதைக் கேக்கவோ பஸ்சுக்குக் குடுத்து வந்தது?"

வீட்டு அடுப்பு, கடை அடுப்பு, தண்ணி இறைக்கிற மிசின் எதையும் அவர் விடவில்லை. மிளகாய்த் தோட்டம் ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பம்பின் புகைக்குழாயில் பெட்டியைச் சாத்திக் கட்டினார். குழாய் அடைபட்டு மிசின் இருமி இருமி நின்றது. தோட்டக்காரன் மண்வெட்டியோடு வந்தான். "தம்பி, நிண்டதைப் பாராதை, நிக்க முந்தி முள்ளு எவ்வளவு ஏறினது எண்டு பார்" என்று அவனுக்குக் காட்டினாராம். அவன் மண்வெட்டியால் ஒன்றும் செய்யவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பாத்தியில் குந்திவிட்டான்.

ஊரின் பெரிய முதலாளி ஒருவர் செத்தபோது நடந்ததையும் சொல்லவேண்டும். சுடலையில் கொள்ளி வைத்து எல்லாரும் விலகி நிற்க, ஓவசியர் மட்டும் சிதைக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வெக்கையில் கண் கலங்கி வழிந்தது. முதலாளியின் மகன் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புவிலை உண்மையான பாசம் உங்களுக்குத்தான் ஐயா" என்று விம்மினான். ஓவசியர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பாவம். திரும்பி வரும்போது என்னோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்.

"உயிரோடை இருக்கேக்கை அந்தாளாலை ஊருக்கு ஒரு பிரியோசனமும் இல்லை. செத்தாப் பிறகெண்டாலும் ஒரு பல்பு எரிச்சிருக்கலாம். ஆர் விடுகினம்?"

இப்படிச் சிரிப்புக்கு ஒரு ஆளாக இருந்தவரை ஊர் திடீரென்று தலையில் தூக்கிவைத்தது, இறக்குமதித் தட்டுப்பாடு வந்த காலத்தில். ரோச்சுக்குப் பற்றறி இல்லை, றேடியோவுக்குப் பற்றறி இல்லை. செத்த பற்றறிகளைச் சுளகில் வடகம் மாதிரிப் பரப்பி வெயிலில் காயவைத்தோம். பெண்கள் மத்தியானம் ஒருக்கால் பிரட்டிவிடுவார்கள். பின்னேரம் எடுத்துப் போட்டால் றேடியோ இரண்டு செய்தி சொல்லி, மூன்றாவதின் நடுவில் மூச்சை விட்டுவிடும். வெயில் சூட்டிலேயே செத்த பற்றறி எழும்புகிறது என்றால், நெருப்புச் சூட்டில் என்னதான் வராது என்று சனம் யோசிக்கத் தொடங்கியது. விசர் ஓவசியர், எங்கடை ஓவசியர் ஆனார்.

சங்கத் தலைவர் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். சொந்தக் காலில் நிற்பது பற்றி நாடு முழுக்கப் பேச்சாக இருந்த காலம். பெரிய மனிதர்கள் வந்த ஒரு கூட்டத்தில் மேடையேறி, "எங்கள் ஊர் எவரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. எங்கள் ஓவசியர் ஐயா அடுப்புச் சூட்டிலே மின்சாரம் எடுக்கிறார்" என்று முழங்கினார். கைதட்டல் பலமாக விழுந்தது. அந்தக் கைதட்டல் கறண்டுக் கந்தோர் வரைக்கும் கேட்டிருக்கிறது.

அடுத்த தடவை கம்பம் கேட்டுப் போனபோது கிளாக்கர் சிரித்தார். "உங்களுக்கெல்லோ சொந்தக் கறண்ட் இருக்கு?" கம்பங்கள் வந்து கந்தோர் வளவில் இறங்கிவிட்டன, உங்கள் ஒழுங்கைக்கா பக்கத்து ஊருக்கா என்பதுதான் கேள்வி, இஞ்சினியர் வந்து பெட்டியைப் பார்த்துத் தீர்மானிப்பார் என்று சொல்லி அனுப்பினார்.

நேற்று வரைக்கும் ஊரின் பெருமையாயிருந்த பெட்டி, இன்றைக்கு ஊரைப் பிடித்த சனியன் ஆகிவிட்டது. தலைவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஓவசியர் வாங்குப் பலகையில் இருந்தார்.

"ஓவசியர், ஊருக்காக ஒரு சொல்லு. இது வேலை செய்யாது எண்டு இஞ்சினியருக்குச் சொல்லிப்போடுங்கோ."

"வேலை செய்யுதே."

"காணாது எண்டு நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுறியள்?"

"காணாது எண்டால் இல்லை எண்டு அர்த்தமோ? சம்பளம் காணாது எண்டு சொல்லுறவன் சம்பளம் எடுக்கேல்லையோ?"

தலைவர் சம்பளம் எடுக்கிறவர். வந்த ஆட்களோடு திரும்பிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நேர்ஸம்மா குடையோடு வந்து, ஓவசியருக்கு முன்னால் இருந்தார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுசி அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை.

"ஓவசியர், உங்கடை பேரப்பிள்ளையளை ஆர் பிடிச்சது?"

"நீங்கள்தான். ஏன் கேக்கிறியள்?"

"கடைசிப் பெட்டைக்குக் கழுத்திலை கொடி சுத்தியிருந்தது. லாம்புச் சிமினி கரி பிடிச்சு ஒண்டும் தெரியேல்லை. நான் விரலாலை தடவித்தான் எடுத்தனான். கண்ணாலை பாத்து எடுக்கேல்லை. தப்பினது உங்கடை அதிட்டம். எனக்கும் வயசு போகுது. இனி ஒண்டை அப்பிடித் தடவி எடுக்க எனக்குத் துணிவில்லை."

ஓவசியர் மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியை விரலால் வழித்துவிட்டார். பிறகு சொன்னார்: "கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவன், நேர்ஸம்மா. அரசாங்க உத்தியோகம் பாத்தவன். ஒரு நாளும் பொய்யெழுதினதில்லை."

"தெரியும். போடாத தாரைப் போட்டதெண்டு எழுதாத ஓவசியர் இந்தத் தீவிலை நீங்கள் ஒராள்தான். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் நேர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "இஞ்சினியர் வாற அண்டைக்கு அடுப்பைத் தணிச்சு எரியும்."

"கண்டுபிடிச்சிடுவார், அம்மா. என்ரை அடுப்பிலை விறகு குறைஞ்சால் எனக்கு முந்தி அவருக்குத் தெரியும்."

நேர்ஸம்மா குடையைக் கையில் எடுத்தார். "அப்ப குளிர்த்தி குடுப்பம். காய்ச்சல்காரருக்கு ஐஸ் வைச்சால் சூடு இறங்குதோ இல்லையோ? பெட்டிக்கு மட்டும் வேறை வைத்தியமோ? சூட்டிலை வேலை செய்யிறது, சூடு இறங்கினால் படுத்திடும்."

எனக்கும் அது மெத்தச் சரியாகப் பட்டது. சூட்டுக்கு மாற்றுக் குளிர்த்தி என்றுதானே சாப்பாட்டிலும் மருந்திலும் நாங்கள் வளர்ந்தது. மயிலிட்டிப் பக்கத்தால் சந்தைக்கு வருகிற மீன் லொறியில் ஒரு கட்டி ஐஸுக்குச் சொல்லிவைத்தோம்.

இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். இளம் ஆள், வெளிநாட்டில் படித்தவர். கேலி செய்ய வந்தவராகத் தெரியவில்லை, அதுதான் எங்களுக்கு வில்லங்கம். ஓவசியர் திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வேட்டியோடு பெட்டியை என் அடுப்பில் ஏற்றினார். மாமி செம்போடு பக்கத்தில். கடைக்குள்ளும் வாசலிலும் ஊர். முள் துடித்து ஏறியது. இஞ்சினியர் குனிந்து பார்த்தார். கண் விரிந்தது.

"உண்மையாகவே வருகுது, ஐயா."

"வருகுது, தம்பி."

"ஆனால் முள்ளை வைச்சு நான் மேலிடத்துக்கு எழுத ஏலாது. ஒரு பல்ப் எரிஞ்சால் காணும். எரிஞ்சால் உங்கடை ஒழுங்கையை இப்பிடியே வைச்சு ஒரு அஞ்சு வருசம் ஆராய்ச்சி செய்யலாம். கம்பங்களைப் பக்கத்து ஊருக்கு விட்டிடுவம்."

சங்கத் தலைவர் கூரையைத் தாங்கி நின்ற கப்பைப் பிடித்துக்கொண்டார். ஓவசியர் மீற்றரைக் கழற்றிவிட்டு ரோச் பல்பைக் கொழுவினார். ஒன்றும் இல்லை. "விறகு வை, தம்பி" என்றார். வைத்தேன். "ஊது" என்றார். ஊதினேன். கேற்றிலுக்குக்கூட நான் அப்படி எரித்ததில்லை. சாக்கு ஆவி விட்டது, மாமி ஊற்றுகிற தண்ணீர் விழுந்த கையோடு காய்ந்தது. பல்ப் அசையாமல் கிடந்தது. இஞ்சினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்ரை மீற்றர் புதுசு. எவ்வளவு வருகுது எண்டு அளந்து பாப்பம், எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஜீப்புக்குப் போனார்.

அந்த இடைவெளியில் நேர்ஸம்மா வாளியோடு உள்ளே வந்தார். "மாமி, தண்ணி காணாது, இதைப் போடுங்கோ" என்று தானே அள்ளி, உடைத்த ஐஸை மரத்தூளோடு சாக்கின் மேல் கொட்டினார். கடை முழுக்க மீன் மணம் எழும்பியது.

ஓவசியர் சுத்த சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டியில் காய்ச்சின தண்ணீரும் வாயில் வைக்காதவர். எங்கள் பக்கத்தில் கட்டி ஐஸ் என்றால் மீனோடு வந்து மீனோடு போகிற சாமான். அதை அவர் தொட்டதுமில்லை, தன் பெட்டிக்குக் கிட்ட வர விட்டதுமில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு நேர்ஸம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

பல்புக்குள் ஒரு நூல் சிவந்திருந்தது.

முதலில் சுருட்டு நுனி மாதிரித்தான். கிடுகுக் கூரையின் இருட்டில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது செம்மஞ்சளாகி, பிறகு மஞ்சளாகி, பல்பின் கண்ணாடி முழுக்க நிறைந்தது. மாமியின் கையில் செம்பு நின்றுவிட்டது. நேர்ஸம்மா வெறும் வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். மேலே குளிர்ந்துவிட்டது, கீழே கொதிக்கிறது. அவர் எத்தனையோ வருசமாய் எங்களுக்குச் சொன்ன இரண்டாம் பாதியை நாங்கள் எல்லாரும் அப்போதுதான் கேட்டோம்.

ஓவசியர் ஒருவரையும் பார்க்கவில்லை. பிறந்த பிள்ளையைப் பார்க்கிற முகமென்று சொன்னால் அது பெரிய பேச்சு. ஆனால் அதைவிட வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

வாசலில் இஞ்சினியரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஓவசியர் பல்பை உள்ளங்கைக்குள் பொத்தினார். மற்றக் கையால் அடியில் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

"என்ன ஐயா, ஏதும் எரிஞ்சதோ?"

"இல்லைத் தம்பி. வராது."

"காணாதோ?"

"வராது."

இஞ்சினியர் தன் மீற்றரை வைத்துப் பார்த்தார். முள் செத்துக் கிடந்தது. "முதலிலை அசைஞ்சதே?"

"பழைய மீற்றர். அடுப்பு வெக்கைக்கு முள்ளு தன்பாட்டிலை ஆடுது. நான்தான் உவ்வளவு காலமும் பிழையாப் பாத்திட்டன்."

இஞ்சினியர் அவருடைய தோளில் மெல்லத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் சங்கத் தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள், இஞ்சினியர். விசர் வேலை எண்டு ஊருக்கே தெரியும். இந்தாளுக்கு மட்டும்தான் தெரியாது."

"ஓம்" என்று ஒத்துக்கொண்டார் ஓவசியர்.

அடுத்த புகையிலைக் கன்று நடுவதற்கு முன்னமே கம்பங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, விடுதி வாசலில் போய் நின்றன. தன்னுடைய விடாமுயற்சியால் வந்த வெளிச்சம் என்று தலைவர் இன்னொரு மேடையில் பேசினார்.

ஆனால் அது பிறகு. அன்று பின்னேரம் ஜீப் போனவுடன் ஆளுக்கொரு அலுவல் வந்து ஊர் கலைந்துவிட்டது. கடையில் நாங்கள் நாலு பேர்தான். ஐஸ் உருகி நெருப்பில் சொட்டிச் சீறிக்கொண்டிருந்தது. மாமி முதல் தடவையாகத் திட்டாமல் செம்பைக் கவிழ்த்து வைத்தார். நேர்ஸம்மா வாளியைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார்.

"ஓவசியர்..." என்று தொடங்கினார்.

ஓவசியர் கையை விரித்துப் பல்பைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"உந்த மச்ச ஐஸை, நேர்ஸம்மா, நீங்கள் ஒரு இருபது வருசம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்."